அவள் காலுக்கு ஒரு மரம்

எங்கள் வீட்டுப் பின்முற்றத்தில் டைல்ஸ் போட்டவன் நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அஞ்சுகிராமத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். ஆணி, பெயிண்ட், பைப், பூட்டு என்று பாதி ஆயுளை விற்றே கழித்தவன். சுற்றுவட்டாரத்தில் எவன் வீடு கட்டினாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் சாமான் வாங்குவான். அந்தத் திமிர் எனக்கு உண்டு. பின்வாசலிலிருந்து கிணறு வரைக்கும் மண்ணாகக் கிடந்த இடத்தில், என் மனைவி அவள் அக்காள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்த நான்கே நாளில், பளபளவென்று சாம்பல் நிற டைல்ஸ் போட்டு முடித்தேன். ஊரிலிருந்து வந்தவள் பின்வாசலில் நின்று வெகுநேரம் பார்த்தாள்.

"மண்ணு எங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"மண்ணுல என்னத்த கண்ட? இனிச் சேறும் இல்ல, சகதியும் இல்ல" என்றேன். அவள் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த ஐப்பசியின் முதல் மழையில், கொடியில் கிடந்த துணியை எடுக்க ஓடினவள் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்தது. நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் கம்பி வைத்து ஆபரேஷன் செய்தார்கள். எலும்பு நன்றாகவே கூடியது. பயம்தான் போகவில்லை. வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுக்களை, ஹால், படுக்கையறை என்று நடப்பாள். பின்வாசல் நிலையைத் தாண்ட மாட்டாள். முன்பக்கம் ஆறு படி. அது நடக்காத காரியம். பகலில் பாதி நேரம் கிணற்றடியிலேயே இருந்தவள், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த டைல்ஸைப் பார்த்தபடி நிற்பாள். நான் கெஞ்சினேன். பிறகு கத்தினேன். எனக்குக் கெஞ்சுவது சரியாக வராது, சீக்கிரம் கத்தலில் போய் நிற்கும்.

"உள்ள நடக்கேன்லா, அது போதும்" என்பாள்.

போதாது என்றார் டாக்டர். நேராக, சமதளத்தில், தினமும் நீள நடக்க வேண்டும். இப்படியே இன்னும் ஒரு மழைக்காலம் போனால் கால் சூம்பி, ஆயுசுக்கும் வாக்கர்தான் என்று அவளை வைத்துக்கொண்டே சொன்னார். அவள் முகம் மாறவில்லை. டைல்ஸை உடைத்து எறிந்துவிடுகிறேன் என்றேன். உடைத்தால் மறுபடியும் மேடு பள்ளம், மழை பெய்தால் சேறு, அதிலும் வழுக்கும் என்றாள். அவள் சொன்னதும் நியாயம்தான்.

நாற்காலியோடு படியிறக்கி அவளை உடற்பயிற்சிக்குக் கூட்டிப்போகிற இடத்தில் ஒரு பலகை மேடை உண்டு. இரண்டு பக்கமும் கம்பி, நடுவே மரத்தளம். ஒருநாள் அதில் கம்பியைத் தொடாமலே இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்விட்டாள். போய்விட்டு அவளே ஆச்சரியப்பட்டு நின்றாள்.

"இஞ்ச பாருங்க, மரத்துல காலு நிக்கி. முற்றத்துல இது மாதிரி இருந்தா நான் நடப்பேன்" என்றாள்.

அன்றைக்கே முடிவு செய்தேன். டைல்ஸின் மேலேயே சட்டம் அடித்து, பின்வாசலிலிருந்து கிணறு வரை பலகைத்தளம். அடுத்த ஐப்பசி மழைக்குள் முடிய வேண்டும். வெட்டவெளியில் மரத்தளம் போடப் போகிறேன் என்றதும் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ஆடியில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை, நடுவில் வெயில், தரைக்கடியில் கறையான். இந்த ஊரில் மரத்தை வெளியே போடுகிறவனுக்குக் கிறுக்குதான் என்றார்கள். நான் யார் சொல்லுக்கு மசிந்தேன்?

கோட்டாற்றுக்கு வெளியே ஒரு மரக்கடை. நடத்துகிறவர் தேங்காப்பட்டணத்துக்காரர், பல வருடம் வளைகுடாவில் மரம் இறக்குகிற கம்பெனியில் இருந்துவிட்டு வந்தவர். என்னைவிடக் கொஞ்சம் இளையவர். எனக்கு அவர் பாய், அவருக்கு நான் அண்ணாச்சி. தேக்கு கேட்டுப் போனேன். இல்லாவிட்டால் அயனிப்பலா. எங்கள் பக்கம் வள்ளம் முதல் வாசல்நிலை வரை அயனிதான்; தண்ணீருக்கும் அசையாது.

பாய் உடனே மரத்தைக் காட்டவில்லை. யாருக்கு, எதற்கு என்று கேட்டார். சொன்னேன்.

"வீட்டம்மா செருப்பு போட்டு நடப்பாங்களா, வெறுங்காலா?"

"பிறந்ததுல இருந்து வீட்டு வளப்புக்குள்ள செருப்பு போட்டதில்ல."

"அப்போ தேக்கு நல்லதா, அயனி நல்லதாண்ணு நானும் நீங்களும் பேசிப் பிரயோஜனம் இல்ல அண்ணாச்சி. நாலு துண்டு தாறேன். கொண்டுபோய் அவங்க காலுக்கடியில போடுங்க. காலு சொல்லட்டு."

தேக்கில் ஒன்று, அயனியில் ஒன்று, மருந்தேற்றிப் பச்சை ஓடிய பைனில் ஒன்று, நாலாவதாகச் செம்மஞ்சளாக ஒரு துண்டு. அது என்னவென்று கேட்டேன். தேவதாரு என்றார். இமயமலைப் பக்கத்து மரம். வடக்கே ஏதோ ரிசார்ட்டுக்கு வரவழைத்ததில் மிஞ்சியது இங்கே வந்து கிடக்கிறது.

"அது ஊசி இலை மரம்லா பாய். சாஃப்ட்வுட். ஆப்பிள் பெட்டி அடிக்கப்பட்ட சாதனம்" என்றேன். எனக்குத் தெரியாத மரமா என்ற தொனியில்தான் சொன்னேன்.

"பெட்டி அடிக்கப்பட்டதும் ஊசி இலை மரந்தான். ஆத்துக்குக் குறுக்க பாலம் போடப்பட்டதும் ஊசி இலை மரந்தான். எல்லாத்துக்கும் சாஃப்ட்வுட்னு ஒரே பேர எழுதி வச்சிருக்கான், அவ்வளவுதான். குளிர்ல பைய வளர்ந்த மரம் இது. உள்ள எண்ணெய் உண்டு. அந்த எண்ணெய் இருக்கப்பட்ட நடு வைரத்துக்குப் பக்கத்துல கறையான் வராது. மருந்தும் வேண்டாம். மனசிலாச்சா?"

மனதிலாகவில்லை. ஆனாலும் நாலு துண்டையும் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வந்தேன்.

அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நாலையும் வரிசையாகக் காலடியில் போட்டேன். உடனே கால் வைப்பாள் என்று பார்த்தால், இல்லை. "கொண்டுபோய் ஒரு மணிக்கூர் வெயில்ல போட்டுட்டு எடுத்துட்டு வாங்க" என்றாள். இந்தப் புத்தி எனக்கு வரவில்லை. வெயிலில் போட்டு எடுத்து வந்தேன். தேக்கில் பாதத்தை வைத்தாள், சுடுகிறது என்று எடுத்தாள். அயனி அதைவிடச் சுட்டது. பச்சை ஓடிய பைன் அவ்வளவு சுடவில்லை. ஆனால் ஒருமாதிரி மருந்து நாற்றம் அடித்தது, அதைப் பெருவிரலால் தள்ளிவிட்டாள். தேவதாருவில் வைத்த காலை எடுக்கவில்லை. இன்னொரு காலையும் வைத்தாள். பிறகு குனிந்து அந்தத் துண்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள்.

"இது மருந்துக்கடை வாசம்லா. பிள்ள பெத்தப்போ கஷாயத்துல போட்டது. இதுதான். வேற பாக்க வேண்டாம்."

எனக்கு அப்போதும் நம்பிக்கை இல்லை. நகம் பட்டால் தடம் விழுகிற மரம், மழையில் எத்தனை நாள் நிற்கும்? யாரிடமும் சொல்லாமல் ஒரு சோதனை செய்தேன். வீட்டைச் சுற்றின வளப்பில் ஒரு தென்னை மூட்டில் கறையான் புற்று உண்டு. அதையொட்டிக் குழி தோண்டி, கடைக்கு வந்த பெட்டிப் பலகை ஒரு துண்டு, தேவதாரு ஒரு துண்டு, இரண்டையும் புதைத்து, தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை என்றேனே தவிர, அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "மரத்துக்குத் தண்ணி விட்டாச்சா? முளைச்சிட்டா?" என்று சாயங்காலம்தோறும் கேட்பாள்.

நாற்பது நாள் கழித்துத் தோண்டினேன். பெட்டிப் பலகை கையோடு பொடிந்து வந்தது. தேவதாருத் துண்டில் ஒரு ஓரம் மட்டும் அரித்திருந்தது. அந்த ஓரம் வெளுப்பாக இருந்த பகுதி. சிவந்த பகுதியில் ஒரு பல்தடம்கூட இல்லை. அதை எடுத்துக்கொண்டு பாயிடம் ஓடினேன். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"வெள்ளை எந்த மரத்துலயும் நிக்காது அண்ணாச்சி. மரம் உயிரோட இருக்கும்போ தண்ணி ஏறி இறங்கப்பட்ட பாகம் அது. உள்ள இருக்க வைரம்தான் நிக்கும். இத முதல்லயே கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்."

அன்று காலையிலிருந்து சாயங்காலம்வரை அவர் கிடங்கில் ஒவ்வொரு பலகையாகப் புரட்டினேன். வெள்ளை ஓடியதை ஒதுக்கினேன். கிளை இருந்த இடத்தில் பெரிய கண் விழுந்ததை ஒதுக்கினேன். தலைப்பக்கம் வளையங்கள் நெருக்கமாக இருப்பதை மட்டும் எடுத்தேன். பாய் ஒரு கட்டத்தில், "பொண்ணு பாக்கப் போனப்போகூட அண்ணாச்சி இவ்வளவு பாத்திருக்க மாட்டீங்க" என்றார். உண்மைதான். பொண்ணு பார்க்கப் போன அன்றைக்கு நான் தலையைத் தூக்கவே இல்லை.

தளம் அடிக்க வந்த ஆசாரி எங்கள் ஊர்க்காரர். கைசுத்தமான வேலைக்காரர். இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் ஓட்டுக்குக் கீழே மரத்தட்டு அடித்திருப்பார்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே தலைமுடி நுழையாது. அவர் குடும்பமே அந்த வேலைக்குப் பேர்போனது. முதலில் அவருக்கு ஒரு சந்தேகம்: இந்த மரத்தைத் தேய்பிறையில் வெட்டினார்களா, வளர்பிறையில் வெட்டினார்களா? வளர்பிறையில் வெட்டினால் வண்டு விழும். பாய்க்கு போன் போட்டுக் கொடுத்தேன். "ஆசாரியே, அந்தப் பனியில வெட்டுறவன் மரத்தைப் பாப்பானா, நிலாவப் பாப்பானா?" என்று பாய் சொன்னது எனக்கே கேட்டது. ஆசாரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

அடுத்தது இடைவெளி. பலகைக்கு இடையே ஒரு பெரிய ஆணி கனத்துக்கு இடம் விட வேண்டும் என்று பாய் சொல்லியிருந்தார். தண்ணீர் கீழே இறங்கிவிட்டால் பாசி பிடிக்காது, பாசி பிடிக்காவிட்டால் வழுக்காது. ஆசாரிக்கு இது அவமானமாகப் பட்டது.

"அண்ணாச்சி, நான் அடிச்ச பலகையில ஓட்டை இருக்குண்ணு நாளைக்கு நாலுபேர் சொல்லுவான்."

"ஆசாரியே, உங்க தட்டு ஓட்டுக்குக் கீழ கிடக்கு. இது மழையில கிடக்கப் போகுது."

தலையை ஆட்டினார். நான் கடைக்குப் போன பிறகு, முதல் பத்துப் பலகையைத் தலைமுடி நுழையாமல் அடித்து வைத்தார். அந்த வாரமே புரட்டாசியில் ஒரு மழை விழுந்தது. பலகை ஊறி, போக இடமில்லாமல், நடுவில் இரண்டு பலகை ஆணியைப் பிடுங்கிக்கொண்டு அப்பளம் மாதிரி எழும்பி நின்றது. நான் வாயைத் திறக்குமுன் அவரே கடப்பாரையை எடுத்தார். பத்தையும் பிடுங்கி, ஆணியை நடுவில் வைத்து அளந்து அளந்து அடித்தார். அதன் பிறகு அந்த வேலையில் ஒரு குற்றம் சொல்ல முடியாது.

தளம் முடிந்த அன்று அவளைக் கூப்பிட்டேன். நிலைவரைக்கும் வந்தாள். வலது காலை எடுத்துப் பலகையில் வைத்தாள். காலை எடுத்துவிட்டாள். "நாளைக்கு" என்றாள். மறுநாளும் நாளைக்கு. அதற்கடுத்த நாளும் நாளைக்கு. ஒரு வாரம் ஓடியது. நான் கத்தவில்லை, சத்தியமாகக் கத்தவில்லை. ஆனால் உள்ளுக்குள் சோர்ந்துவிட்டேன். மேற்கே மலைப்பக்கம் மேகம் கட்டத் தொடங்கியது. அவள் நடக்காமலே தளம் மழையில் ஊறி, கறுத்து, பாசி பிடித்து, இதுவும் இன்னொரு டைல்ஸாக ஆகிவிடுமோ என்ற பயம் பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் முட்டம் கடற்கரையிலிருந்து ஒருவர் கடைக்குப் பிரஷ் வாங்க வந்தார். வள்ளத்தின் அடியில் அண்டி எண்ணெய் தேய்க்க என்றார். முந்திரிக்கொட்டைத் தோட்டிலிருந்து எடுக்கிற கறுத்த எண்ணெய். தேய்த்தால் மரத்தைத் தண்ணீரும் தொடாது, பூச்சியும் தொடாது. மனிதத் தோலையும் சும்மா விடாது. காயாமல் பட்டால் வெந்து கொப்பளிக்கும். முந்திரி ஆபீஸில் கொட்டை உடைக்கிற பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். எனக்கும் தெரியும். காய்ந்துவிட்டால் ஒன்றும் செய்யாது, இரண்டு நாள் வெயிலில் காய்ந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மருந்தில்லாத மரம், வெறுங்காலுக்கான மரம் என்று அவ்வளவு தேடி எடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் தூங்குகிற நேரத்தில் நானே உட்கார்ந்து தளம் முழுக்க அதைத் தேய்த்தேன். அவளிடம் சொல்லவில்லை. எப்படியும் அவள் வெளியே வரப்போவதில்லை என்று நினைத்தேன்.

திங்களும் செவ்வாயும் வெயிலே அடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பிட வந்தேன். அடுக்களைத் தரையில் கறுப்பாகக் காலடித் தடம். பின்வாசலிலிருந்து குளியலறைக்குப் போகிறது. ஒரு நிமிடம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பின்கதவைத் திறந்து பார்த்தேன். காயாத எண்ணெயில் பாதங்கள் அப்படியே பதிந்திருந்தன. கிணறுவரைக்கும் போயிருந்தன. திரும்பியும் வந்திருந்தன. சுவர் ஓரமாக இல்லை, நட்டநடுவில். எதையும் பிடித்துக்கொண்டு நடந்த தடமே இல்லை. நடந்துவிட்டாள். ஒரு வருடமாக நான் தவம் கிடந்த காரியம், நான் கடையில் பெயிண்ட் கலக்கிக்கொண்டிருந்த நேரத்தில் நடந்து முடிந்திருந்தது. சந்தோஷத்தில் அவளைக் கூப்பிட வாயைத் திறந்தேன். அப்போதுதான் என் காலடியில் இருப்பது என்ன எண்ணெய் என்பது உறைத்தது.

அவள் கட்டிலில் உட்கார்ந்து பாதத்தை வாளித் தண்ணீரில் வைத்திருந்தாள். சோப்புப் போட்டும் போகவில்லை என்றாள். நான் ஏதோ கலர் அடித்திருக்கிறேன், அது காய்ந்திருக்கும் என்று நினைத்தாளாம். பாதம் சிவந்து கிடந்தது. மறுநாள் காலையில் இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தேவைதான்.

நான் அவள் காலடியில் உட்கார்ந்து களிம்பு போட்டேன். "மழையில கெட்டுப் போகக் கூடாதேன்னுதான்" என்று தொடங்கினேன். அவள் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பைய, நிதானமாகச் சொன்னாள்.

"டைல்ஸும் என்கிட்ட கேக்காமத்தான் போட்டீங்க. எண்ணெயும் கேக்காமத்தான் தேச்சீங்க. நடுவுல ஒரு தடவை மரத்தை மட்டும் என் காலுகிட்ட கேட்டீங்க. அது தப்பாப் போகல்லியே."

களிம்பை மூடி வைத்துவிட்டு ஆசாரிக்கு போன் போட்டேன்.

ஆசாரி கையில் துணி சுற்றிக்கொண்டு வந்து, தளம் முழுவதையும் இழைத்தார். கறுப்பெல்லாம் சுருள் சுருளாகப் போய், கீழே இருந்த சிவப்பு வெளியே வந்தது. பளபளப்பாக இழைக்க வேண்டாம், கால் பிடிக்கிற மாதிரி கொஞ்சம் சொரசொரப்பு இருக்கட்டும் என்று அவள் ஜன்னலில் நின்று சொன்னாள். ஆசாரி அவளிடம்தான் கேட்டுக் கேட்டுச் செய்தார். நான் சுருளைக் கூட்டி அள்ளினேன். வீடெல்லாம் அந்த மருந்துக்கடை வாசம்.

கொப்புளம் ஆறி, புதுத்தோல் வந்த சமயம் ஐப்பசி பிறந்திருந்தது. ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. நான் கடைக்குக் கிளம்பினவன் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, ஓடிப்போய்த் தார்ப்பாயை இழுத்து வந்தேன். பாதி விரித்தபிறகுதான் நினைவு வந்தது. கயிற்றைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தேன். அவள் பின்வாசல் நிலையில் நின்றுகொண்டிருந்தாள்.

"மூடட்டா?" என்று கேட்டேன்.

அவள் வானத்தைப் பார்த்தாள். தளத்தைப் பார்த்தாள். "வேண்டாம். நனையட்டு" என்றாள்.

தார்ப்பாயைச் சுருட்டினேன். மழை விழத் தொடங்கியது. முதலில் பொட்டுப் பொட்டாக, பிறகு சடசடவென்று. பலகைகள் கறுஞ்சிவப்பாகின. இடைவெளிகளில் தண்ணீர் இறங்கியது. அவள் வெறுங்காலை எடுத்து நனைந்த மரத்தில் வைத்தாள். "பைய, பைய" என்றேன். "நீங்க கொஞ்சம் வாய மூடுங்க" என்றாள். இன்னொரு காலையும் வைத்தாள். என் கை தன்னால் நீண்டது. அவள் அதைப் பார்த்தாள், பற்றிக்கொள்ளவில்லை. நனைந்த சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பலகையாக, கிணற்றுச் சுவர்வரைக்கும் போனாள். சுவரில் கை வைத்து மூச்சு வாங்கினாள். திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அதே இடத்தில் சுருட்டின தார்ப்பாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மழையில் நின்றேன். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது.

"என்னத்துக்கு அழுகீங்க? நான் விழல்லியே" என்றாள்.

ஆமாம், விழவில்லை. அதற்குத்தான் அழுதேன்.